மாலினியின் வயிறும் டிரெஸ்ஸரின் வாழ்த்து மடலும்

என் மகள் மாலினி பதினொரு நாட்கள் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் கிடந்தாள். அப்போது அவளுக்கு ஒன்றே முக்கால் வயது. பிழைத்துவிட்டாள். இப்போது சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடுகிறாள். நான் பின்னால் ஓடுகிறேன். அதனால் இதை அழுதுகொண்டு எழுதவில்லை. கோபம் ஆறியதும் எழுதலாம் என்று ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். ஆறவில்லை. சரி, கோபத்தோடேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தோட்டம் நீலாயிலிருந்து உள்ளே ஏழு மைல். நான் ஐந்தாம் படிவம் வரை படித்தவள். தோட்டத்துப் பாலர் வகுப்பில் பாடம் சொல்லித் தருகிறேன். என் கணவர் பால் லோரி ஓட்டுகிறார். ரப்பர் மரத்துப் பாலைத்தான் சொல்கிறேன்; மரம் சீவும் வெட்டுக்காரர்கள் கொண்டுவந்து ஊற்றுவதை டாங்கியில் ஏற்றிப் பால் ஆலைக்குக் கொண்டுபோவது அவர் வேலை.

தோட்டத்து மருந்தகத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர் டிரெஸ்ஸர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. டாக்டருக்குப் படித்தவர் அல்ல, ஆனால் எங்களுக்கு டாக்டர் அவர்தான். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வர முடியாதவனுக்கு நோய்ச்சீட்டு கொடுப்பவர் அவர். வெளி ஆஸ்பத்திரிக்குப் போகவும் அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். சீட்டு இருந்தால் தோட்டத்து வேன் கொண்டுபோய் விடும், வார்டுச் செலவைத் தோட்டம் ஏற்கும். சீட்டு இல்லாமல் போனால் அவரை அவமதித்ததாக அர்த்தம்.

தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில்தான் ஆரம்பித்தது. ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு. மாலினிக்கும் வந்தது. டிரெஸ்ஸர் ஒரு காகிதப் பொட்டலத்தில் மஞ்சள் கேப்சூல்கள் போட்டுத் தந்தார். பொட்டலத்தின் மேல் ஒன்றும் எழுதவில்லை.

"பிரிச்சு, கால்வாசிப் பொடிய தேன்ல கொழச்சுக் குடு. நின்னுச்சுன்னா நிறுத்திடு."

"இது என்னா மருந்துங்க சார்? பேரு என்னா?"

"பேரத் தெரிஞ்சுக்கிட்டு என்னா செய்யப் போற, ஜாதகம் பாக்கப் போறியா?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் அவர்களைப் பார்த்து, "ஃபார்ம் ஃபைவ் வந்திருக்காங்க, வழி விடுங்க லா" என்றார். இன்னும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்மேல் எனக்கு இன்றும் வெறுப்பு உண்டு.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். "தயிரு, மோரு எதுவும் கண்ணுல காட்டாத. எத குடுத்தாலும் கொதிக்க வெச்சு ஆற வெச்சுக் குடு." வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு காகிதத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன். பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் காகிதம் பின்னால் என்னை என்ன செய்ய வைத்தது என்று சொல்லத்தான் போகிறேன்.

மூன்றாம் நாள் நின்றது. அவர் சொன்னபடி மருந்தை நிறுத்தினேன். மிச்சத்தைப் பால் டின்னில் போட்டு வைத்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு டின் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். பத்து நாளில் மாலினிக்குத் திரும்ப வந்தது. திரும்பப் பொட்டலம். நின்றது, நிறுத்தினேன், வந்தது. மூன்றாவது தடவை வேறு நிறக் கேப்சூல். ஐந்து வாரத்தில் அவள் தூளியில் கிடப்பதே தெரியாத அளவுக்கு இளைத்துப்போனாள்.

அதன் பிறகு ஒரு நாள் காலையில் அணையாடையில் சளியும் ரத்தமும் கண்டேன். உடம்பு கொதித்தது. பதினொரு மணிக்குள் எட்டுத் தடவை போனாள். அழுதாள், கண்ணீர் வரவில்லை. தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினேன்.

"சார், சீட்டு எழுதிக் குடுங்க. சிரம்பானுக்குக் கொண்டுபோறேன்."

"பல்லு மொளைக்குது. இந்தப் பொட்டலத்தக் கொண்டுபோ."

"ரத்தம் போகுது சார்."

"ஏம்மா, என் மருந்துல ஆவாதது சிரம்பான்ல ஆயிடுமா? அங்க என்னா மந்திரமா போடுறாங்க? இன்னிக்கு ஒனக்கு எழுதுனா நாளைக்கு லயமே வந்து வாசல்ல நிக்கும்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாப்பாட்டு நேரம் என்று கதவைச் சாத்தினார். சாத்திய கதவின் வெளிர்ப்பச்சை நிறம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

என் கணவரின் லோரி அந்த நேரத்தில் பால் கொட்டகையிலிருந்து ஆலைக்குப் புறப்படும் என்று தெரியும். செம்மண் பாதையின் நடுவில் பிள்ளையோடு நின்றேன். அவர் நிறுத்தி, கீழே குதித்து, மாலினியின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்கள் குழிக்குள் போயிருந்தன.

"சீட்டு குடுத்தாரா?"

"இல்லீங்க."

"ஏறு."

அவ்வளவுதான் பேசினார். டாங்கி நிறையப் பாலோடு சிரம்பான் போனோம். ஆலைக்குப் பிரியும் சாலை வந்தபோது அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அதற்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அவசரப் பிரிவில் ஒரு சீன டாக்டரம்மா, என் வயதுதான் இருக்கும், மாலினியின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். தோல் மடிந்தபடியே நின்றது, பிறகு மெதுவாகப் படிந்தது. உடம்பில் நீர் வற்றிவிட்டால் இப்படித்தான் நிற்குமாம். காலையிலேயே குளிப்பாட்டும்போது நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

கையில் நரம்பு கிடைக்கவில்லை. நான்கு தடவை குத்தி, கடைசியில் காலில் ஊசி ஏற்றி, அது அசையாமல் இருக்க ஒரு அட்டையை வைத்துக் கட்டினார்கள். "இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால்" என்று டாக்டர் மலாயில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முகப்பில் இருந்தவர் தோட்டத்துச் சீட்டு கேட்டார். என் கணவர், "இல்ல, நானே கையெழுத்துப் போடுறேன்" என்று போட்டுவிட்டு, லோரியை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனார்.

மறுநாள் அவர் ஒரு பையில் என் மாற்றுப் புடவையும், சீப்பும், பாலர் வகுப்பில் நான் வைத்திருந்த கொப்பி ஒன்றும் பேனாவும் கொண்டுவந்தார். "நீ எழுதலன்னா பயப்படுவ, அதான்" என்றார். அந்தக் கொப்பியில் நேரத்தோடு எல்லாவற்றையும் எழுதினேன். எத்தனை தடவை போனாள், என்ன நிறம், எத்தனை கரண்டி உப்புச்சர்க்கரை நீர் குடித்தாள், எல்லாம். பழி வாங்குவதற்கு அது உதவும் என்று அப்போது நினைக்கவில்லை. அவர் சொன்னது சரி, எழுதும்போது பயம் குறைந்தது.

அடுத்த கட்டிலில் புக்கிட் பெலண்டோக்கிலிருந்து வந்த செல்வியக்கா, தன் மகனோடு. அவனுக்கும் வயிறுதான். நான் சீட்டுக் கதையைச் சொன்னதும் அவர், "எங்க பக்கம் பன்னிப் பண்ணைங்க ஜாஸ்தி. ஒரு பன்னி தும்முனா கார் போட்டுக்கிட்டு டாக்டர் வருவாரு. நமக்குத்தான் டிரெஸ்ஸர்" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் நான் சிரித்தேன் என்று கொப்பியில் இருக்கிறது.

மலத்தைச் சின்னப் போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதிலுள்ள கிருமியை ஒரு தட்டில் வளர்த்து, எந்த மருந்தை வைத்தால் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்ப்பார்கள். முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நர்ஸ் வாசலில் தாளோடு வரும்போதெல்லாம் எல்லாத் தாய்மார்களும் நிமிர்ந்து பார்ப்போம்.

முடிவு வந்தது. ரத்தபேதிக் கிருமி. என் கணவர் வீட்டுப் பால் டின்னிலிருந்து கொண்டுவந்திருந்த கேப்சூல்களை டாக்டர் பார்த்தார். அவற்றின்மேல் அச்சடித்திருந்த எழுத்தைப் படித்தே என்ன மருந்து என்று சொல்லிவிட்டார். அந்த மஞ்சள் கேப்சூலுக்கு இந்தக் கிருமி சாகவே இல்லையாம். வேறொரு மருந்து எழுதி, "ஐந்து நாள். நின்றாலும் நிறுத்தக் கூடாது. ஐந்து நாளும் கொடுக்க வேண்டும்" என்றார். நான் மூன்று தடவை நிறுத்தியதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

புது மருந்தில் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது, ரத்தம் நின்றது. ஆனால் பேதி நிற்கவில்லை. தண்ணீர் தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பழைய பயம் திரும்பியது. நர்ஸை நாங்கள் மிஸி என்போம்; வார்டு மிஸி சரோஜாவிடம் கேட்டேன். அவர் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். எனக்குப் புரியும்படி சொன்னார்.

"லாலாங் புல்லுக்கு மருந்து அடிப்பாங்கல்ல, பாத்திருக்கியா? கண்ண மூடிக்கிட்டு அடிச்சா மரத்துக்கு நடுவுல போட்ட மூடுபயிர்க் கொடியும் சேந்து செத்துடும். அப்புறம் மண்ணு வெறும் தரையா கெடக்கும், மழ பெஞ்சா அரிச்சுக்கிட்டுப் போவும். வயித்துக்குள்ளயும் நல்ல கிருமி இருக்கு. சோத்தச் செரிக்க வெக்கிறதுக்கு, கெட்டது வந்தா எடம் குடுக்காம இருக்கறதுக்கு. ஒங்க டிரெஸ்ஸர் மூணு தடவ அடிச்சுட்டாரு. இப்ப நாங்களும் அடிக்கிறோம், வேற வழியில்ல."

"அப்ப அந்தக் கொடிய எப்படி மிஸி திரும்ப வெக்கிறது?"

அதற்கு டாக்டர் பதில் சொன்னார். கடையில் சின்ன பிளாஸ்டிக் போத்தலில் புளிக்க வைத்த பால் விற்கிறது, அதில் உயிரோடு நல்ல கிருமிகள் இருக்கின்றன, தயிரும் அப்படித்தான். மருந்து கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம். சேர்த்துக் கொடுத்தால் மருந்து அவற்றையும் கொன்றுவிடும். உப்புச்சர்க்கரை நீருக்கும் மருந்துக்கும் பதிலாக அல்ல, அவற்றோடு கூட. "உறுதியாகக் கேட்கும் என்று என்னால் சொல்ல முடியாது. சில பிள்ளைகளுக்குச் சீக்கிரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளை இப்போது இருக்கும் நிலையில் கெடுதல் செய்யாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் மருத்துவர் அவர்தான். அதனாலேயே அவரை நம்பினேன்.

என் கணவர் தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து அந்தப் போத்தல்களை ஐஸ் சுற்றிய துண்டில் வைத்துக் கொடுத்தார். நான் மணி பார்த்து, இரண்டு மணி நேரம் விட்டு, கொப்பியில் குறித்துக்கொண்டு கொடுத்தேன். மூன்று நாள் கொடுத்தும் ஒன்றும் மாறவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் சரோஜா மிஸி வார்டின் பின்கட்டுச் சமையலறைக்கு வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். நான் அந்தப் பாலை ஒரு டம்ளரில் ஊற்றி, பாத்திரத்துக் கொதிநீருக்குள் இறக்கி வைத்திருந்தேன். ஆவி பறந்துகொண்டிருந்தது.

"என்னாம்மா செய்யற?"

"கொதிக்க வெச்சு ஆற வெச்சுக் குடுக்கறேன் மிஸி. கிருமி இருக்கும்ல."

அவர் டம்ளரை எட்டிப் பார்த்தார். பிறகு, "அந்தக் கிருமிக்காகத்தான குடுக்கச் சொன்னாங்க" என்றார். "மூணு நாளாவா?"

"மூணு நாளா."

டம்ளரைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். புளிப்பு வாசனை வந்தது. என் மகளின் வயிற்றில் நட வேண்டியதை நானே மூன்று நாள், ஒரு வேளை தவறாமல், அவித்துக் கொன்றிருக்கிறேன். அடுப்புக்கு மேலே நான் ஒட்டிய காகிதம் ஆஸ்பத்திரி வரைக்கும் என் தலைக்குள் வந்திருந்தது. செல்வியக்காவிடம் சொன்னபோது, "படிச்ச புள்ளைங்க செய்யற தப்பு, நமக்கெல்லாம் வராது" என்று என் முதுகைத் தட்டி, தன் மகனுக்கு வைத்திருந்த போத்தலை என் கையில் திணித்தார். அதை ஜில்லென்று அப்படியே கொடுத்தேன். மாலினி காலியான போத்தலைத் தர மறுத்து நக்கிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் இரண்டு நாளில் கட்டியாகப் போனாள். அதனால்தான் நின்றதா, தானாகவே நிற்கும் வேளை வந்ததா, டாக்டருக்கே உறுதியில்லை. எனக்கும் இல்லை. பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

வீட்டில் வேறொரு செய்தி காத்திருந்தது. பால் லோரியை அனுமதியில்லாமல் சிரம்பானுக்கு ஓட்டிப் போனதாக டிரெஸ்ஸர் தோட்ட நிர்வாகியான துரையிடம் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். 'சாதாரண வயிற்றுப்போக்கு' என்று அதில் எழுதியிருந்தாராம். என் கணவரிடமிருந்து லோரிச் சாவியை வாங்கிக்கொண்டு ஒரு மாதம் புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு ஐஸ் துண்டோடு வந்துபோன நாட்களிலெல்லாம் புல்வெட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அவர் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்தபோதுதான் என் கோபம் ஒரு இடத்தில் உட்கார்ந்தது. அது பிறகு எழுந்து போகவே இல்லை.

சில மாதங்களில் டிரெஸ்ஸருக்கு ஓய்வு வந்தது. எங்கள் தோட்டத்தில் யார் ஓய்வு பெற்றாலும் மாலை போட்டு, வாழ்த்து மடல் வாசித்து, அதை மேடையிலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துக் கையில் கொடுப்போம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மடல் எழுதி வாசிப்பது எப்போதும் நான்தான். தோட்ட அலுவலகத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா. நல்லபடியா எழுது."

இரண்டு மடல் எழுதினேன். ஒன்று, நல்லபடியானது. இன்னொன்று, கொப்பியைப் பார்த்து எழுதியது. இரண்டையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். எதை வாசிப்பது என்று மேடைப் படி ஏறும்வரை எனக்குத் தெரியாது. முந்நூறு குடும்பத்தை ஒற்றை ஆளாகப் பார்த்தவர்; அவருக்கும் மேலே யாரோ ஒருவர் சீட்டு எழுதாதே என்று சொல்லியிருக்கலாம்; இதையெல்லாம் நான் யோசிக்காமல் இல்லை. வயதானவரை அவமானப்படுத்துவது முறையா என்று இரண்டு நாள் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்தான் முடிவு செய்து கொடுத்தார். ஏற்புரையை முதலிலேயே பேசுகிறேன் என்று ஒலிபெருக்கியைப் பிடித்தவர், முன்வரிசையில் என் கணவர் மடியில் இருந்த மாலினியைக் காட்டினார். "அந்தா ஒக்காந்திருக்கு பாருங்க, டீச்சர் பொண்ணு. கொஞ்சம் பேதின்னதும் அம்மாக்காரி பயந்து சிரம்பானுக்கு ஓடுனாங்க. நம்ம மருந்து ஏற்கெனவே உள்ள போயிருந்ததால பொழச்சுது." கூட்டம் கை தட்டியது.

நான் போய் இரண்டாவது தாளை விரித்தேன்.

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு. தாங்கள் செய்ததை நாங்கள் மறக்கவே மாட்டோம்." இதற்கும் கை தட்டினார்கள். தொடர்ந்து வாசித்தேன். "பெயர் எழுதாத பொட்டலம் மூன்று தடவை தந்தீர்கள். மருந்தின் பெயர் கேட்ட தாயிடம் ஜாதகம் பார்க்கப் போகிறாயா என்று கேட்டீர்கள். நின்றால் நிறுத்து என்றீர்கள். ரத்தம் போகிறது என்றபோது பல் முளைக்கிறது என்றீர்கள். சாப்பாட்டு நேரம் என்று கதவைச் சாத்தினீர்கள். தாங்கள் தந்த கேப்சூலுக்கு அந்தக் கிருமி சாகவில்லை என்று ஆஸ்பத்திரித் தாள் சொல்கிறது. பிள்ளையைக் காப்பாற்றிய தகப்பனைப் புல்வெட்டுக்கு அனுப்பினீர்கள். லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பால் டின்னில் தங்கள் மருந்தின் மிச்சம் இருக்கிறது. தாய்மார்களே, அதை இன்றே குப்பையில் கொட்டுங்கள்."

ஒரு வசைச்சொல் சேர்க்கவில்லை. குரலை உயர்த்தவில்லை. வாசித்து முடித்தபோது, ஒரு காலத்தில் வேலையாட்களை மேற்பார்த்த, இப்போது காது கேட்காத பழைய மண்டோர் ஒருவர் மட்டும் வழக்கம்போல் கை தட்டினார். பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

பெரிய கிராணி எழுந்து வருவதற்குள் நான் தாளைச் சட்டத்துக்குள் வைத்து, பின்பலகையை மூடி, டிரெஸ்ஸரிடம் நீட்டினேன். அவர் கை தானாக நீண்டது. இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ மாலையும் மடலும் வாங்கிய கை. நீலாயிலிருந்து வந்திருந்த சீனப் படக்காரருக்குத் தமிழ் தெரியாது. கேமராவைத் தூக்கி, "பாக்சிக், சென்யும், சென்யும்" என்று மலாயில் சிரிக்கச் சொன்னார். டிரெஸ்ஸர் சிரித்தார்.

என் கணவருக்கு லோரி திரும்பக் கிடைத்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் டிரெஸ்ஸர் பொட்டலத்தின் மேல் மருந்தின் பெயரும் எத்தனை நாள் என்பதும் எழுதித் தருகிறார். இது என்னால் நடந்ததா என்று தெரியாது; நடந்திருந்தால் நல்லது. நான் பேசியது தவறு என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். நான் மன்னிக்கவில்லை. கேட்கிறவர்களிடம் அப்படியே சொல்கிறேன்.

ஆனால் அந்த மடலில் ஒரு வரியை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். 'மூன்று நாள் நானும் என் மகளின் மருந்தை அவித்துக் கெடுத்தேன்' என்ற வரி. அவர் காதில் அது விழுந்துவிடக் கூடாது என்றுதான் அடித்தேன். பிள்ளை பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படத்தின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. நடுவில் டிரெஸ்ஸர் சட்டத்தைப் பிடித்துச் சிரிக்கிறார். கீழ் ஓரத்தில், என் கணவர் மடியில், மாலினி ஒரு சின்னப் போத்தலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருக்கிறாள். போத்தலின் வெளிப்புறம் முழுக்க நீர்த்துளி அரும்பியிருக்கிறது, அவ்வளவு ஜில்.